சேலத்துப் பிள்ளைகள் கேட்கும் புவியியல் சந்தேகங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் சமூக அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். புவித்தட்டு, நிலநடுக்கம், பருவக்காற்று, புயல் என்று பாடம் வரும்போதெல்லாம் வருஷா வருஷம் அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. பாதி பிள்ளைகள் கேட்டது, மீதி அவர்களைக் கூட்டிப்போக வரும் பெற்றோர் கேட்டது. யார் எப்படிக் கேட்டார்களோ அப்படியே கேள்வியைப் போட்டிருக்கிறேன். வரிசையாகப் படியுங்கள். பின்னால் வரும் பதில்களுக்கு முன்னால் சொன்னது தேவைப்படும்.

சார், தட்டு நகருதுன்னு சொல்றீங்க, நமக்கு ஏன் தெரிய மாட்டேங்குது?

பூமியின் மேற்புறம் சில பெரிய பாறைத் துண்டுகளாகப் பிரிந்திருக்கிறது, அவைதான் தட்டுகள். நாம் இருக்கும் இந்தியத் தட்டு வருஷத்துக்கு ஏறத்தாழ 5 செ.மீ. வேகத்தில் வடக்கு, வடகிழக்குப் பக்கமாக நகர்கிறது. சேலம், சென்னை, நாக்பூர் எல்லாம் ஒரே தட்டில் சேர்ந்தே போவதால் ஊர்களுக்கு இடையே உள்ள தூரம் மாறுவதில்லை. அதனால் நமக்குத் தெரிவதில்லை. தட்டுக்கு வெளியே இருக்கும் இடங்களோடு செயற்கைக்கோள் மூலம் ஒப்பிட்டு அளந்தால் நகர்வு தெளிவாகத் தெரியும்.

பத்து லட்சம் வருஷத்துக்கு 50 கி.மீ. என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். சேலத்திலிருந்து நாமக்கல் போகிற தூரம். ஆப்பிரிக்கா, அண்டார்டிகா, ஆஸ்திரேலியாவோடு கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டத்தில் ஒட்டியிருந்த நிலம் பிரிந்து வந்து, சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவோடு மோதத் தொடங்கியது. இமயமலை எழுந்தது அந்த மோதலில்தான். அந்த மோதல் இன்னும் முடியவில்லை. இதை ஞாபகத்தில் வையுங்கள், நம் ஊர் நிலநடுக்கக் கேள்விக்கு வரும்போது தேவைப்படும்.

தட்டுக்குக் கீழ முழுக்க நெருப்புக் குழம்புதானே? அது மேல மிதக்குதுன்னுதான படிச்சோம்?

நான் அதிகம் கேட்ட சந்தேகம் இதுதான். மேலோட்டுக்குக் கீழே சுமார் 2,900 கி.மீ. ஆழம் வரை இருக்கும் கவசம் ஏறக்குறைய முழுவதும் திடப்பாறை. கற்குழம்பு அங்கங்கே, சில சூழ்நிலைகளில் மட்டுமே உருவாகிறது.

இது எப்படித் தெரியும்? நிலநடுக்கத்தில் கிளம்பும் இரண்டாம் நிலை அலைகள் திரவத்துக்குள் போகாது. அவை கவசத்தைத் தாண்டி வருகின்றன, அதற்குக் கீழே இருக்கும் வெளிக்கருவுக்கு வந்ததும் நின்றுவிடுகின்றன. ஆகவே கவசம் திடம், வெளிக்கரு திரவம். சரி, திடமாக இருந்தால் தட்டு எப்படி நகரும்? இமயமலையின் பனியாறுகள் கெட்டியான பனிதான், ஆனாலும் மெதுவாகச் சரிவில் இறங்கி ஓடுகின்றன. கவசத்தின் மேற்பகுதியில் அஸ்தினோஸ்பியர் என்ற அடுக்கு சூட்டாலும் அழுத்தத்தாலும் அந்த மாதிரி இளகி, லட்சக்கணக்கான ஆண்டுகளில் மெல்ல ஓடுகிறது. தட்டுகள் அதன்மேல்தான் நகர்கின்றன.

அவ்வளவு ஆழத்துல இருக்கிற பாறையை யாராவது பார்த்திருக்காங்களா?

கவசம் வரை தோண்டி யாரும் போனதில்லை. ஆனால் கவசத்தில் நிறைந்திருக்கும் ஒலிவின் என்ற கனிமம் கொண்ட பாறை சில இடங்களில் மேலே வந்திருக்கிறது. அப்படி ஒரு இடம் நம் ஊரிலேயே இருக்கிறது. ஓமலூர் ரோட்டில் போகும்போது ஏற்காடு அடிவாரத்துப் பக்கம் வெள்ளை வெள்ளையாகத் தெரியுமே, அந்த மேக்னசைட் கரடுகள்தான். அதன் பேரிலேயே மேக்னசைட் சந்திப்பு என்று ரயில் நிலையமும் இருக்கிறது.

அங்கே தாய்ப்பாறை டியூனைட். பச்சையும் பழுப்புமாக, அளவுக்கு மீறி கனமாக இருக்கும். கரியமில வாயு கலந்த நீர் அதன் வெடிப்புகளில் புகுந்து மாற்றியதால் உண்டான வெள்ளை நரம்புகள்தான் மேக்னசைட். இது சுண்ணாம்புக்கல் என்று பலர் நினைக்கிறார்கள். வகுப்பில் இரண்டையும் பக்கத்தில் வைத்துத் தூளாக்கி வினிகர் விட்டுக் காட்டுவேன். சுண்ணாம்புக்கல் தூள் உடனே நுரைக்கும், மேக்னசைட் தூள் சும்மா இருக்கும். மேக்னசைட் நுரைக்க அமிலம் சூடாக இருக்க வேண்டும். கல் எடுக்கிறேன் என்று சுரங்கக் குழிக்குள் மட்டும் இறங்காதீர்கள். விளிம்பு சரியும்.

சேர்வராயன் மலை ஒரு காலத்துல எரிமலையா இருந்துச்சா சார்?

இல்லை. ஏற்காட்டில் பெரும்பகுதி சார்னோகைட் என்ற பாறை. புதிதாக உடைத்த முகத்தைப் பார்த்தால் நீலம் கலந்த கருஞ்சாம்பல் நிறம், எண்ணெய் தடவியது போல ஒரு மினுமினுப்பு. எரிமலைக் குழம்பு மேலே வந்து சட்டென்று ஆறினால் இப்படிப் பெரிய படிகங்கள் வளராது. பூமிக்குள் 20 கி.மீ.க்கும் அதிகமான ஆழத்தில், கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் உருவான பாறை இது. வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். மேலே இருந்ததெல்லாம் அரித்துப்போய், நிலம் உயர்ந்து, அடியில் கிடந்தது உச்சிக்கு வந்திருக்கிறது. லேடீஸ் சீட்டில் நின்று ஊரைப் பார்க்கிறவர்கள் காலடியையும் ஒரு நிமிஷம் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. எரிமலையைவிட எனக்கு அதுதான் பெரிய அதிசயம்.

எரிமலைப் பாறை வேண்டுமென்றால் மகாராஷ்டிராவின் தக்காணப் பீடபூமிக்குப் போக வேண்டும். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்த குழம்பு அது. இன்று இந்தியாவில் செயல்படும் எரிமலை அந்தமானில் உள்ள பேரன் தீவு.

புத்தகத்துல கிழக்குத் தொடர்ச்சி மலை தொடர்ச்சியற்றதுன்னு இருக்கு. ஏன் துண்டு துண்டா இருக்கு?

ஜவ்வாது, சேர்வராயன், கல்வராயன், கொல்லிமலை, பச்சைமலை எல்லாம் மிகப் பழைய மலைகள். அவற்றுக்கு நடுவே ஆறுகள் கோடிக்கணக்கான ஆண்டுகளாக அரித்துக்கொண்டே வந்திருக்கின்றன. பாறை ஏற்கெனவே நொறுங்கியிருந்த பழைய பிளவு மண்டலங்களில் அரிப்பு சுலபமாக நடந்தது. ஆத்தூர்ப் பக்கம் போகும் பள்ளத்தாக்கு அப்படி ஒரு மண்டலத்தை ஒட்டியே இருக்கிறது.

அப்போ நாமதான் தட்டோட நடுவுல இருக்கோமே, நமக்கு நிலநடுக்கம் வராதுதானே?

குறைவாக வரும். வரவே வராது என்று சொல்ல முடியாது. முதல் பதிலில் சொன்ன மோதல் இன்னும் நடப்பதால் தட்டு முழுவதும் அழுத்தம் ஏறுகிறது. பழைய பிளவு எங்காவது அதைத் தாங்காமல் நழுவினால் தட்டின் நடுவிலும் நிலம் அதிரும். 1993 செப்டம்பர் 30 அன்று மகாராஷ்டிராவின் லத்தூர் பகுதியில் 6.2 அளவில் வந்தது. தட்டின் எல்லை அங்கிருந்து வெகுதூரம், ஆனாலும் பத்தாயிரம் பேர் அளவில் இறந்தார்கள். கல்லையும் மண்ணையும் வைத்துக் கட்டிய கனமான வீடுகள் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் விழுந்ததுதான் காரணம்.

நமக்குப் பக்கத்திலேயே 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூரில் ஏறக்குறைய 6 அளவில் நிலநடுக்கம் வந்து, தென்னிந்தியா முழுக்க உணரப்பட்டது. 2002இல் வந்த நிலநடுக்க வரைபடம் சேலத்தை மூன்றாம் மண்டலத்தில், அதாவது மிதமான ஆபத்துப் பகுதியில் வைத்தது. வீடு கட்டும் பெற்றோர்களிடம் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது இதுதான்: தூண், பெல்ட் பீம் கம்பியில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

மண்டலம் ரெண்டு, மூணு, நாலு, அஞ்சுன்னு இருக்கு. ஒண்ணு எங்க போச்சு?

2002 வரைபடத்தில் ஒன்றாம் மண்டலத்தை இரண்டோடு சேர்த்துவிட்டார்கள். நாட்டில் ஆபத்தே இல்லாத இடம் என்று எதையும் விட்டுவைக்கவில்லை.

ஆறு ரிக்டருக்கும் அஞ்சு ரிக்டருக்கும் ஒண்ணுதானே வித்தியாசம்?

எண்ணில் ஒன்று. அதிர்வின் வீச்சில் 10 மடங்கு. வெளியாகும் ஆற்றலில் சுமார் 32 மடங்கு. இரண்டு எண் கூடினால் ஆற்றல் ஆயிரம் மடங்கு. 2001 குடியரசு தினத்தன்று குஜராத்தின் பூஜ் பகுதியில் வந்தது 7.7. அதை 5.7 அளவிலான ஒன்றோடு ஒப்பிட்டால் ஆயிரம் மடங்கு ஆற்றல் வெளியாகியிருக்கிறது என்று புரியும்.

இன்னொன்று. ஒரு நிலநடுக்கத்துக்கு அளவு ஒரே எண்தான். ஆனால் எந்த ஊரில் எவ்வளவு ஆட்டியது என்பது ஊருக்கு ஊர் மாறும். தூரம், ஆழம், மண்ணின் தன்மை எல்லாம் அதைத் தீர்மானிக்கும். ஏரியை மூடிக் கட்டிய மனையில் ஆட்டம் கூடுதலாக இருக்கும், கெட்டிப்பாறை மேல் குறைவாக இருக்கும்.

எங்க ஊர்ப் பக்கம் குவாரியில வெடி வச்சா ஜன்னல் ஆடுது. அதுவும் நிலநடுக்கமா?

அதுவும் நில அதிர்வுதான், மனிதன் உண்டாக்கியது. அதிர்வுமானி வித்தியாசத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். வெடி எல்லாத் திசையிலும் பாறையை வெளியே தள்ளுகிறது. பிளவு நழுவும்போது ஒரு பக்கம் தள்ளும், இன்னொரு பக்கம் இழுக்கும். சுவரில் விரிசல் விட்டால் தேதியும் நேரமும் போட்டு எழுதி, படம் எடுத்து வைத்துக்கொண்டு புகார் கொடுங்கள். நேரக் குறிப்பு இருந்தால்தான் பேச முடியும்.

மேட்டூர் டேம்ல இவ்வளவு தண்ணி நிக்குதே, அந்தப் பாரத்துல நிலநடுக்கம் வருமா?

அணை நீர் நிலநடுக்கத்தைத் தூண்டுவது உண்மையிலேயே நடந்திருக்கிறது. மகாராஷ்டிராவில் கொய்னா அணையில் 1962இல் நீர் தேக்கத் தொடங்கினார்கள். 1967 டிசம்பரில் 6.3 அளவில் நிலநடுக்கம் வந்தது. பாரம் மட்டும் இதற்குக் காரணம் இல்லை. நீர் பிளவுகளுக்குள் இறங்கி, பாறைகளை இறுக்கிப் பிடித்திருக்கும் உராய்வைக் குறைக்கிறது. ஏற்கெனவே நழுவத் தயாராக அழுத்தம் சேர்ந்திருக்கும் பிளவு அங்கே இருந்தால்தான் இது நடக்கும். உலகத்தில் பெரும்பாலான அணைகளில் நடந்ததில்லை. மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிந்தது. 90 ஆண்டுகளாக நீர் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது, கொய்னா மாதிரி எதுவும் நேரவில்லை.

நாளைக்கு ராத்திரி நிலநடுக்கம் வரும்னு வாட்ஸ்அப்ல ஆடியோ வந்துச்சுங்க சார், நம்பலாமா?

நம்ப வேண்டாம், யாருக்கும் அனுப்பவும் வேண்டாம். எந்த நாள், எந்த நேரம், எந்த ஊர் என்று நிலநடுக்கத்தை முன்கூட்டிச் சொல்லும் வழி உலகில் யாரிடமும் இல்லை. தொடங்கிய பிறகு, வேகமாக வரும் முதன்மை அலையைப் பிடித்து, பின்னால் வரும் அழிவு அலைக்குச் சில வினாடிகள் முன்னால் எச்சரிக்கலாம், அவ்வளவுதான். புயல் அப்படி இல்லை, நாள்கணக்கில் முன்பே தெரிந்துவிடும். வானிலை ஆய்வு மையத்தின் எச்சரிக்கையையும் இந்த மாதிரி ஆடியோவையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

மலை சூரியனுக்குப் பக்கத்துல இருக்கு, அப்புறம் ஏற்காடு ஏன் குளிருது?

சூரியன் 15 கோடி கி.மீ. தூரத்தில் இருக்கிறது. அதில் ஏற்காட்டின் ஒன்றரை கி.மீ. உயரம் ஒரு கணக்கே இல்லை. காற்றை முக்கியமாகச் சூடேற்றுவது தரை. மேலே போகப் போக அழுத்தம் குறையும், காற்று விரியும், விரிந்தால் குளிரும். கி.மீ.க்கு சராசரியாக 6.5 டிகிரி குறைகிறது. சேலம் 278 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டர் உயரத்தில். வித்தியாசம் 1.2 கி.மீ., ஆக ஏறத்தாழ 8 டிகிரி. அடிவாரத்தில் 38 என்றால் மேலே 30 அளவில் இருக்கும்.

நாம மழை மறைவுப் பகுதின்னு புத்தகம் சொல்லுது. ஆனா ஆகஸ்ட், செப்டம்பர்ல சாயங்காலம் கொட்டுதே?

புத்தகமும் சரி, நீங்கள் பார்ப்பதும் சரி. தென்மேற்குக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறும்போது தன் ஈரத்தில் பெரும்பகுதியைக் கேரளப் பக்கத்திலேயே கொட்டிவிடுகிறது. நாள் முழுக்க விடாமல் பெய்யும் அந்த மழை நமக்கு இல்லை.

ஆனால் காற்றில் ஈரம் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. பகலெல்லாம் வெயில் தரையைக் காய்ச்ச, சூடான காற்று செங்குத்தாக எழும்பி, மூன்று நான்கு மணிக்குமேல் இடியோடு மழையாகிறது. இது வெப்பச்சலன மழை. அதனால்தான் ஐந்து ரோட்டில் கொட்டும்போது அம்மாப்பேட்டையில் தூறல்கூட இருக்காது. ஏற்காட்டில் இதோடு காற்று மலையில் மோதி ஏறும் மழையும் சேர்கிறது, வடகிழக்குப் பருவமழையும் நன்றாகக் கிடைக்கிறது. திருமணிமுத்தாறும் சரபங்காவும் சேர்வராயன் மலையில்தான் பிறக்கின்றன. மேலே ஒரு மணி நேரம் கொட்டினால் கீழே ஊருக்குள் தண்ணீர் வேகமாக வந்துவிடும். ஓடையை அடைத்துக் கட்டியிருந்தால் அது தெருவுக்குள் வரும்.

சேலத்துல சொட்டு மழை இல்ல, காவிரியில எப்படி வெள்ளம் வருது?

முந்தைய பதிலின் மறுபாதி இது. மலை பிடித்து வைத்த மழை குடகிலும் வயநாட்டிலும் விழுகிறது. குடகு நீர் காவிரியிலும், வயநாட்டு நீர் கபினி வழியாகவும் கர்நாடக அணைகளுக்கு வந்து, அவை நிரம்பியதும் மேட்டூருக்கு வருகிறது. 2018 ஆகஸ்ட்டில் மேட்டூரிலிருந்து விநாடிக்கு 2 லட்சம் கன அடிக்கும் மேல் திறந்துவிட்டார்கள். ஆகவே ஆற்றங்கரையில் இருப்பவர்கள் நம் ஊர் வானத்தைப் பார்த்துப் பயனில்லை, அணை அறிவிப்பைக் கவனிக்க வேண்டும். தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போது செல்ஃபி எடுக்க ஆற்றுக்குள் இறங்குகிற பையன்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

புயல் பாண்டிச்சேரியில கரையைக் கடக்குது. ஏற்காட்டு ரோட்டை ஏன் மூடறாங்க?

புயலுக்குச் சக்தி வெதுவெதுப்பான கடல்நீரிலிருந்து வருகிறது. தரைக்கு வந்ததும் அது அற்றுப்போய்க் காற்று தணிகிறது. ஆனால் ஏற்கெனவே சுமந்து வந்த ஈரம் இருக்கிறதே! அது உள்நாட்டில் மெதுவாக நகர்ந்து, மலையில் மோதி ஏறினால் கொட்டித் தீர்த்துவிடும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, அங்கேயே மணிக்கணக்கில் நின்று, பிறகு மேற்கே நகர்ந்தது. நமக்கு வடகிழக்கே ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை. திருவண்ணாமலையில் டிசம்பர் 1 அன்று மலைச்சரிவு வீட்டின் மேல் விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். ஏற்காட்டு மலைப்பாதையிலும் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. காற்று ஓய்ந்துவிட்டது, இனி ஆபத்தில்லை என்று நினைக்கக் கூடாத நேரம் அதுதான்.

கெட்டியான பாறைன்னு சொன்னீங்க, அப்புறம் எப்படி சரியுது?

சார்னோகைட் கெட்டிதான், ஆனால் வெயிலும் மழையும் பட்டு மேலே உள்ளது மட்கிச் செம்மண்ணாகிவிடுகிறது. கொண்டை ஊசி வளைவுகளில் சாலைக்காக வெட்டிய பக்கத்தைப் பாருங்கள். செம்மண்ணுக்குள் உருண்டையான பாறைகள் பதிந்திருக்கும். அவை மட்காமல் மிஞ்சிய நடுப்பகுதிகள். மழைநீர் மண்ணுக்குள் இறங்கி, கெட்டிப்பாறையைத் தொட்டதும் மேற்கொண்டு இறங்க வழியின்றித் தேங்குகிறது. மண்ணின் எடை கூடுகிறது, உள்ளே நீரழுத்தம் ஏறிப் பிடிப்பு தளர்கிறது. அடியைச் சாலைக்காக வெட்டிவிட்டதால் தாங்கிப் பிடிக்க ஒன்றுமில்லை. மண்ணும் பாறையுமாக இறங்கிவிடும்.

தடுப்புச் சுவர்களில் வரிசையாகச் சின்னக் குழாய் ஓட்டைகள் இருப்பதைக் கவனித்தீர்களா? உள்ளே சேரும் நீரை வெளியே விட்டு அழுத்தம் ஏறாமல் காப்பவை. அவை குப்பையாலும் வேராலும் அடைத்துக்கொண்டால் சுவர் இருந்தும் பயனில்லை. மழை நாளில் சுத்தமாக வழிந்துகொண்டிருந்த ஊற்று திடீரென்று கலங்கலாக மாறினாலும், மரமோ கம்பமோ புதிதாகச் சாய்ந்து தெரிந்தாலும், சாலையில் புது விரிசல் விட்டிருந்தாலும் அங்கே வண்டியை நிறுத்தாதீர்கள். போலீஸுக்கோ நெடுஞ்சாலைத் துறைக்கோ உடனே சொல்லுங்கள்.

சுனாமி சேலத்துக்கு வருமா?

வராது. கடல் வெகுதூரம், நாம் 278 மீட்டர் உயரத்தில் இருக்கிறோம். ஆனால் நம் பிள்ளைகள் விடுமுறைக்கு வேளாங்கண்ணிக்கும் கன்னியாகுமரிக்கும் போகிறார்கள். கடல் திடீரென்று உள்வாங்கினால் வேடிக்கை பார்க்க நிற்காமல் மேட்டை நோக்கி ஓட வேண்டும் என்பதை அவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

எல் நினோ வந்தா மழை பொய்க்கும்னு செய்தியில சொல்றாங்க. 2015ல எல் நினோதானே, சென்னையே மூழ்குச்சே?

நல்ல கேள்வி. பசிபிக் கடலின் நடுப்பகுதியும் கிழக்குப் பகுதியும் வழக்கத்தைவிடச் சூடாவதுதான் எல் நினோ. அது பொதுவாகத் தென்மேற்குப் பருவமழையைக் குறைக்கும். இந்தியாவின் பெரும்பகுதிக்கு அதுதான் மழைக்காலம் என்பதால் தேசியச் செய்தியில் மழை பொய்க்கும் என்கிறார்கள். தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழைக்கோ எல் நினோ பல வருஷங்களில் சாதகமாகவே அமைந்திருக்கிறது. 2015 அப்படி ஒரு வருஷம். மறு வருஷம், 2016இல், பருவமழைக் காலத்தில் எல் நினோ இல்லை. வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு குறைந்து, 2017 ஜனவரியில் மாநிலமே வறட்சிப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. எல் நினோ ஒரு சாய்வைத் தருகிறது, அவ்வளவே. வங்கக் கடலில் அந்த வருஷம் என்ன நடக்கிறது என்பதற்கும் பங்கு உண்டு.

பரிட்சையில கவசம் திடம்னு எழுதுனா மார்க் குறைப்பாங்களா சார்?

பயப்படாமல் எழுதுங்கள், ஆனால் ஒரு வரியில் விட்டுவிடாதீர்கள். "தட்டுகள் அஸ்தினோஸ்பியர் என்ற இளகிய அடுக்கின் மேல் நகர்கின்றன, கவசத்தில் ஏற்படும் வெப்பச்சலன ஓட்டம் இதற்கு முக்கியக் காரணம்" என்று எழுதினால் புத்தகத்தோடும் ஒத்துப்போகும், உண்மையோடும் ஒத்துப்போகும். இரண்டாம் நிலை அலைகள் கவசத்தைக் கடந்து வெளிக்கருவில் நின்றுவிடும் என்று படம் போட்டுக் காட்டினால் இன்னும் நல்லது. திருத்துகிறவருக்கு நீங்கள் மனப்பாடம் செய்யவில்லை என்பது தெரிந்துவிடும். ஒரு மதிப்பெண் கேள்வியில் மட்டும் கொடுத்திருக்கும் விடைகளை முழுக்கப் படித்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள்.